ஸ்பீட்பேர்ட், கெஸ்ட்ரல், ஜெர்சி: மூடிப்போன பிரிட்டிஷ் ஏர்லைன்ஸோட ரேடியோ பேரைத் தேடிப் பிடிக்கிறது எப்படி

மான்செஸ்டர்ல இருந்தப்போ சனிக்கிழமையானா பையனைக் கூட்டிட்டு ஏர்போர்ட்டை ஒட்டி இருக்கிற ரன்வே விசிட்டர் பார்க்குக்குப் போயிடுவேன், அங்க மடக்கு சேர் போட்டு ஃப்ளாஸ்க் டீயோட உக்காந்திருக்கிற ஒரு பெரியவர் கையில சின்ன ரேடியோ ஒண்ணு கரகரன்னு ஓடிட்டே இருக்கும். ஒரு நாள் அதுல "ஜெர்சி"ன்னு கேட்டுச்சு. சரி, ஜெர்சி தீவுல இருந்து ஏதோ குட்டி ப்ளேன் வருதுபோலன்னு பார்த்தா ஊதா கலர்ல ஃப்ளைபி வந்து இறங்குது. அடுத்து "கெஸ்ட்ரல்"னாங்க, அது ராஜாளி மாதிரி ஒரு குட்டி வேட்டைப் பறவை, ஏர்ஃபோர்ஸ் ஜெட்டா இருக்கும்னு பையன் எம்பி எம்பிப் பார்க்குறான், வந்தது தாமஸ் குக், பீச்ல காஞ்சு சிவந்து திரும்புற கும்பலோட. ரெண்டு கம்பெனியும் இப்ப இல்ல. தாமஸ் குக் 2019 செப்டம்பர்ல படுத்துச்சு, ஃப்ளைபி 2020 மார்ச்ல. ஃப்ளைபி 2022ல திரும்ப எழுந்து வந்து 2023 ஜனவரியில மறுபடி படுத்துச்சு, அது தனி சோகம்.

அன்னைக்கு ஆரம்பிச்ச நோட்டுதான் இது. நீங்களும் ஆரம்பிக்கணும்னா முதல்ல ஒண்ணை மனசுல வச்சுக்கோங்க: கம்பெனி பேரைத் தேடாதீங்க, கால்சைனை, அதாவது ரேடியோவுல ஏர்லைனைக் கூப்பிடுற பேரைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி போங்க. கம்பெனி கைமாறும், பெயின்ட் மாறும், போர்டு மாறும், ரேடியோவுல கூப்பிடுற பேரு மட்டும் பல நேரம் மாறாம அப்படியே கிடக்கும்.

ஒரு ஃப்ளைட்டுக்கு மூணு அடையாளம் இருக்கு, இதைக் குழப்பிக்கிட்டா நோட்டே வீண். டிக்கெட்ல இருக்கிற ரெண்டு எழுத்து ஒண்ணு. ரேடார் ஸ்கிரீன்லயும் ஃப்ளைட் டிராக்கர் ஆப்லயும் வர்ற மூணு எழுத்து இன்னொண்ணு. அந்த மூணு எழுத்தைப் பைலட் வாயால சொல்ற வார்த்தை மூணாவது, நமக்கு வேணுங்கிறது அதுதான். பழைய காலத்துல ரேடார் பக்கமும் ரெண்டெழுத்துதான், 1987ல தான் மூணெழுத்து எல்லாருக்கும் கட்டாயமாச்சு, அதனால 1970கள்ல செத்த கம்பெனிக்கு மூணெழுத்து தேடி தலையை உடைச்சுக்காதீங்க. அப்புறம், டிக்கெட்ல இருக்கிற நம்பரும் ரேடியோவுல சொல்ற நம்பரும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல, ஒரே மாதிரி நம்பர் ரெண்டு ஒரே நேரத்துல வானத்துல இருந்தா குழப்பம் வரும்னு நம்பரோட எழுத்தையும் கலந்து விடுறாங்க.

இப்ப உயிரோட இருக்கிறதுல இருந்து ஆரம்பிங்க. டிராக்கரைத் திறந்து லீட்ஸ் இல்ல மான்செஸ்டர் மேல பாருங்க, ஈ.எக்ஸ்.எஸ்.னு வரிசையா பறக்கும், அது ஜெட்2. ஆனா ஜெட்டுக்கும் ஈ.எக்ஸ்.எஸ்.ஸுக்கும் என்ன சம்பந்தம்? அங்கதான் நூலைப் பிடிக்கணும். ரேடியோவுல அவங்க பேரு "சானெக்ஸ்", அதாவது சேனல் எக்ஸ்பிரஸ், சேனல் தீவுகள்ல இருந்து பூ ஏத்திட்டு வந்த சரக்கு கம்பெனி. 2003ல அவங்களே ஜெட்2ன்னு பேர் வச்சு ஆளுங்களை ஏத்த ஆரம்பிச்சாங்க, பேரு என்னவோ மாறிடுச்சு, இன்னைக்கும் டெனெரிஃபுக்கு லீவுக்குப் போற குடும்பம் பூக்காரன் பேர்லதான் பறக்குது. எனக்கு ரொம்பப் பிடிச்ச கால்சைன் இதுதான், பிரிட்டிஷ் ஏர்வேஸோட ஸ்பீட்பேர்டை விட.

லீவு டூர் ஏர்லைனான டூயியோட டிக்கெட்டையும் பாருங்க, பி.ஒய்.னு இருக்கும். டூயியில பி எங்க இருக்கு, ஒய் எங்க இருக்கு? அது லூட்டன்ல இருந்து பறந்த பிரிட்டானியா ஏர்வேஸ் விட்டுட்டுப் போன எழுத்து. ரேடியோவுல முதல்ல "பிரிட்டானியா", 2005ல பேரு தாம்சன்ஃப்ளை ஆனதும் "தாம்சன்", இப்ப "டாம்ஜெட்". ஒரே வீட்டுல மூணு தலைமுறை மாதிரி.

ஸ்பீட்பேர்ட் எல்லாருக்கும் தெரியும்ல, அதான் சுருக்கமா சொல்றேன். 1932ல இம்பீரியல் ஏர்வேஸுக்காக தேயர் லீ-எலியட் வரைஞ்ச ஒரு பறவைச் சின்னம், அது அப்படியே அடுத்து வந்த அரசாங்க ஏர்லைன் பி.ஓ.ஏ.சி.க்கு வந்து ரேடியோ பேராவும் ஆகி, 1974ல பிரிட்டிஷ் ஏர்வேஸ் உருவானப்போ அங்கயும் ஒட்டிக்கிச்சு. பி.ஓ.ஏ.சி.யும் ஐரோப்பாவுக்குப் பறந்த பி.ஈ.ஏ.வும் சேர்ந்த அந்த இணைப்புல தோத்தது பி.ஈ.ஏ.வோட "பீலைன்". ஆனா முழுசா சாகல பாருங்க, பி.ஈ.ஏ. ஏர்டூர்ஸ்னு ஒரு சார்ட்டர் கம்பெனி இருந்துச்சு, அது பிரிட்டிஷ் ஏர்டூர்ஸ்னு பேர் மாறின பிறகும் ரேடியோவுல "பீடூர்ஸ்"தான். 1985 ஆகஸ்ட் 22 மான்செஸ்டர்ல ரன்வேயில தீப்பிடிச்சு 55 பேர் செத்த போயிங் 737, அதோட பேரு "பீடூர்ஸ் 28 மைக்" (மைக்னா எம் எழுத்து). பி.ஈ.ஏ. மூடி பதினோரு வருஷம் கழிச்சும் அதோட "பீ" ரேடியோவுல இருந்திருக்கு.

இதைச் சொல்லக் காரணம் இருக்கு. பழைய கால்சைனுக்கு நம்பகமான எழுத்து சாட்சி வேணும்னா விபத்து விசாரணை அறிக்கைதான், ஏ.ஏ.ஐ.பி.ங்கிற பிரிட்டிஷ் விமான விபத்து விசாரணைத் துறையோட அறிக்கைகள் அரசாங்க சைட்லயே இலவசமா கிடைக்குது, அன்னைக்கு ரேடியோவுல என்ன பேர் சொன்னாங்கன்னு அதுல இருக்கும். படிக்கவே மனசு கனக்கும், ஒரே மூச்சுல நாலஞ்சு படிக்காதீங்க. அதுக்கு அடுத்து ஜி-இன்ஃபோ, பிரிட்டிஷ் விமானப் பதிவேடு. உங்க பழைய ஃபோட்டோவுல வால் பக்கம் ஜின்னு ஆரம்பிக்கிற எழுத்து தெரிஞ்சா போதும், அதைப் போட்டா எந்த வருஷம் யார் கையில இருந்துச்சுன்னு வந்துடும், ரொம்பப் பழசுன்னா கையால எழுதின பக்கத்தோட ஸ்கேனே கிடைக்கும். ஃபோட்டோ, தேதி, அப்ப ஓனர் யாரு, இந்த மூணும் பொருந்தினா தான் நோட்டுல பேனாவால எழுதுங்க, அதுவரை பென்சில்.

பொறி எங்க இருக்குன்னா, செத்த பேரை இன்னொருத்தன் எடுத்து வச்சுக்குவான். கேட்விக்ல சிங்கம் போட்ட வாலோட பறந்த பிரிட்டிஷ் கலிடோனியனை 1988ல பிரிட்டிஷ் ஏர்வேஸ் முழுங்கிடுச்சு, உடனே மேல சொன்ன அந்த ஏர்டூர்ஸுக்கே கலிடோனியன் ஏர்வேஸ்னு பேர் மாத்திட்டாங்க. அதனால "நான் 1990ல கலிடோனியன்ல போனேன்"னு யாராவது சொன்னா அது சிங்கக் கம்பெனி இல்ல. கெஸ்ட்ரலும் அப்படித்தான், தாமஸ் குக் வச்ச பேரே இல்ல, 1991ல மான்செஸ்டர்ல ஆரம்பிச்ச ஏர்டூர்ஸ் இன்டர்நேஷனலோடது, (இந்த ஏர்டூர்ஸ் வேற, அந்த ஏர்டூர்ஸ் வேற, நானே ஒரு வாரம் குழம்பினேன்) அது மைட்ராவல்னு பேர் மாறி, அப்புறம் தாமஸ் குக் கைக்கு வந்துச்சு. ஜெர்சியும் 1979ல ஆரம்பிச்ச ஜெர்சி யூரோப்பியன் விட்டுட்டுப் போனது, ஆஃபீஸ் என்னவோ எக்ஸிட்டர்ல.

டேன்-ஏர், லேக்கர், மொனார்க் இதெல்லாம் சுலபம், கம்பெனி பேரே கால்சைன். அதுக்கு கதையைத்தான் எழுதி வைக்கணும். லேக்கர் 1977ல கேட்விக்ல இருந்து நியூயார்க்குக்கு ஒரு வழி 59 பவுண்டுன்னு ஸ்கைட்ரெயின் விட்டு 1982 பிப்ரவரியில கவிழ்ந்துச்சு. டேன்-ஏரை 1992ல பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கிச்சு, கடன்களும் கூடவே வந்துச்சு, சும்மா இல்ல.

ரேடியோ விஷயம்: விமானங்க பேசுற அலைவரிசை, அதாவது ஏர்பேண்ட், 118ல இருந்து 137 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், ஏ.எம். முறையில வரும், சாதா எஃப்.எம். ரேடியோவுல கேக்காது. அந்தப் பெரியவர் மாதிரி நிறைய பேர் பிரிட்டன்ல கேக்குறாங்க, ஆனா நமக்குன்னு அனுப்பாத பேச்சைக் கேக்குறது அங்க சட்டப்படி தப்பு. இன்டர்நெட்ல கன்ட்ரோல் டவர் பேச்சைக் கேக்க வைக்கிற லைவ் ஏ.டி.சி. சைட்ல பிரிட்டிஷ் ஏர்போர்ட் எதுவும் இல்லாததும் அதனாலதான், தேடி நேரத்தை வீணாக்காதீங்க. டிராக்கரும் நோட்டும் போதும்.

நேர்ல பார்க்கணும்னா டேன்-ஏர் பெயின்டோட காமெட்னு ஒரு பழைய ஜெட் விமானம் ஸ்காட்லாந்துல ஈஸ்ட் ஃபார்ச்சூன் மியூசியத்துல நிக்குது. மான்செஸ்டர்ல நான் சொன்ன அதே பார்க்குல மொனார்க்கோட டி.சி.-10 விமானம் ஒண்ணோட முன்பக்கத்தை மட்டும் வெட்டி வச்சிருக்காங்க, கான்கார்ட் பக்கம் கூட்டம் நிக்கும், இது பக்கம் ஆள் இருக்காது. பேனாவோட போங்க.