காரங்காட்டுச் சேற்றில் மருந்து தேடும்போது

காரங்காட்டு அலையாத்திச் சேறு, வாலிநோக்கம் உப்பள மண், தேவிபட்டினம் கரை மணல். மண் பாக்டீரியாவில் ஆன்டிபயாடிக் மருந்து தேடும் புராஜெக்டுக்கு நுண்ணுயிரியல் படிக்கும் பிள்ளைகள் அள்ளி வர, இராமநாதபுரம் சுற்றுவட்டாரத்தில் மண்ணுக்குக் குறைவில்லை. (வனத்துறைக் காட்டில் அள்ள அனுமதி வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அங்கே காலே வைக்கக்கூடாது.) கோளாறு தொடங்குவது அள்ளியதற்குப் பிறகுதான்.

முதலாவது அவசரம். மண்கரைசலைப் பரப்பிய ஊடகத் தட்டை (ஊடகம் என்பது பாக்டீரியாவுக்கான சாப்பாடு) 37 டிகிரியில் வைத்து, இரண்டாம் நாள் காலனிகளை எண்ணிவிட்டு, நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டுவிடுகிறார்கள். அதற்குள் தலைகாட்டுவது பேசில்லஸ் போன்ற வேகக்காரர்கள். நாம் தேடும் மருந்து தரும் பாக்டீரியாவான ஸ்ட்ரெப்டோமைசிஸ் 28 டிகிரியில் மாவு தூவியதுபோல் வித்து விட ஒரு வாரமாவது எடுக்கும். கடற்சேற்று இனங்களில் சில ஒரு மாதம்கூடக் காக்க வைக்கும். மண்ணை நிழலில் உலர்த்தி, லேசாகச் சூடாக்கி, ஸ்டார்ச் கேசின் அகார் என்ற ஊடகத்தில் நாலிடிக்ஸிக் அமிலமும் சைக்ளோஹெக்ஸிமைடும் சேர்த்துப் போட்டால் போட்டியாளர்களும் பூஞ்சையும் அடங்கும்.

ஊடகத்தைக் காய்ச்சி வடித்த நீரில் மட்டும் தயாரிப்பதும் இதோடு சேர்ந்த தவறு. சாலினிஸ்போரா என்ற கடல் பாக்டீரியா கடல்நீர் இல்லாமல் வளராது. புற்றுநோய்ச் சிகிச்சைக்காக ஆராயப்பட்ட சாலினோஸ்போரமைடு அதிலிருந்து வந்ததுதான். கடலைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு, வடிகட்டிய கடல்நீர் ஒரு லிட்டர் கொண்டுவர யோசிக்கிறவர்களை என்ன சொல்ல?

பிறகு வாசனை. சீமைக்கருவேலம் மண்டிய பொட்டலில் முதல் மழை விழுந்ததும் எழுகிற மண்வாசம் தட்டைத் திறந்ததும் அடித்தால், மருந்தே கிடைத்த மாதிரி சந்தோஷப்படுகிறார்கள். அந்த வாசத்துக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். அதை உருவாக்க ஒரே மரபணு தரும் ஒரு நொதி போதும். ஏறக்குறைய எல்லா ஸ்ட்ரெப்டோமைசிஸிலும் அது உண்டு. அந்த வாசம் ஸ்பிரிங்டெயில் என்ற மண்பூச்சிகளை இழுத்து வித்துகளைப் பரப்புவதாக 2020இல் ஓர் ஆய்வு வந்தது. மூக்கை வைத்து இன்ன குடும்பம் என்று ஊகிக்கலாம், மருந்தை ஊகிக்க முடியாது.

ஜியோஸ்மினுக்கு ஒரு மரபணு என்றால் மருந்துக்கும் ஒன்றுதான் என்று எண்ணிவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய குழப்பம். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கரோபாலிஸ்போரா எரித்ரேயா என்ற மண் பாக்டீரியா அதை உருவாக்குகிறது. அதன் அடிப்படை வளையத்தைக் கட்டுவது மூன்று ராட்சதப் புரதங்கள். அவற்றுக்குள் ஆறு பகுதிகள். படகிலிருந்து கரை வரை வரிசையாக நின்று மீன்கூடையைக் கைமாற்றுவதுபோல, ஒவ்வொரு பகுதியும் தன் பங்குக்கு ஒரு கார்பன் துண்டைச் சேர்த்து அடுத்ததிடம் தள்ளுகிறது. கடைசியில் 14 அணு வளையம். அதன்மேல் சர்க்கரைகளை ஒட்ட வேறு நொதிகள். தன் மருந்தே, புரதம் கட்டும் தன் ரைபோசோமை முடக்காமல் இருக்க, அந்த ரைபோசோமில் மெத்தில் என்ற சிறு வேதிக் குறி போட்டுக்கொள்ளும் மரபணுவும் அருகிலேயே இருக்கிறது. இப்படி உற்பத்தி, அலங்காரம், தற்காப்பு எல்லாம் பக்கம் பக்கமாக அமைந்திருப்பதைத்தான் மரபணுத் தொகுப்பு என்கிறோம். அதில் ஒரு துண்டை மட்டும் ஈ. கோலை என்ற ஆய்வகப் பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டு மருந்தை எதிர்பார்ப்பது வீண்.

தட்டில் ஒன்றும் தெரியாவிட்டால் அந்தப் பாக்டீரியாவிடம் ஒன்றும் இல்லை என்று ஒதுக்குவதும் தவறு. ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் பல பத்தாண்டு ஆராயப்பட்ட இனம். அதன் நீல நிறமி உட்பட ஒருசில பொருட்களே தெரிந்திருந்தன. 2002இல் அதன் முழு ஜீனோம் (மொத்த மரபணு வரிசை) வெளியானபோது இப்படிப்பட்ட மரபணுத் தொகுப்புகள் இருபதுக்கும் மேல் கிடந்தன. பெரும்பாலானவை ஆய்வகச் சாப்பாட்டில் வாய் திறப்பதில்லை. சர்க்கரையை மாற்றுங்கள், பாஸ்பேட்டைக் குறையுங்கள், பக்கத்தில் வேறொரு பாக்டீரியாவை வளர்த்துப் பாருங்கள். ஒரே ஊடகத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தூக்கி எறிவதற்கு இதெல்லாம் எவ்வளவோ மேல்.

எதிர்ப்பக்கமும் விழுகிறார்கள். ஜீனோமில் மரபணுத் தொகுப்புகளைத் தேடும் ஆன்டிஸ்மாஷ் மென்பொருள் முப்பது தொகுப்பு காட்டியதும் முப்பது மருந்து என்று எழுதுவது. அது காட்டுவது சாத்தியத்தை மட்டும். மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையில், பல மருந்துகள் அடங்கிய பாலிகீடைடு என்ற வேதிக் குழுவின் இரண்டாம் வகை மரபணு இருப்பதற்கு அடையாளமான பட்டை வந்ததும் குதிப்பது இன்னொன்று. வித்துக்கு நிறம் கொடுக்கும் தொகுப்பும் அதே வகைதான், மரபணுவைக் குறிவைக்கும் அதே பிரைமர் துண்டுக்கு அதுவும் பட்டை தரும். இனத்தை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணு வரிசை ஒத்துப்போகிறது என்பதால் பொருளும் அதுவே என்று முடிவு கட்டவும் கூடாது. ஒரே இனத்தின் இரண்டு வகைகளிடம் தொகுப்புகள் வேறுபடலாம்.

ஸோன் விஷயத்துக்கு வருகிறேன். பாக்டீரியாவிலிருந்து பிரித்த சாறு ஏற்றிய காகித வட்டைக் கிருமி பரப்பிய தட்டில் வைத்தால், அதைச் சுற்றிக் கிருமி வளராத இடம்தான் அது. தெளிந்த வட்டம் என்பது ஏதோ ஒன்று வளர்ச்சியைத் தடுத்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. அது ஊடகத்தில் கூடிய அமிலமாக இருக்கலாம், சாறு பிரிக்கப் பயன்படுத்திய எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பான் ஆவியாகாமல் தங்கியதாகவும் இருக்கலாம். கரைப்பான் மட்டும் போட்ட ஒரு வட்டை பக்கத்தில் வைக்காத தட்டை நான் நம்புவதில்லை. நிஜ மருந்தாகவே இருந்தாலும், மண்ணில் அடிக்கடி கிடைக்கும் ஏற்கனவே தெரிந்த ஸ்ட்ரெப்டோத்ரைசினாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. "புதியது" என்ற சொல்லை எழுதும் முன் நிறை நிறமாலைமானியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) மூலக்கூறின் எடையைப் பார்த்து, தெரிந்தவற்றோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று, பலரும் பொருட்படுத்தாதது. நல்ல காலனி கிடைத்ததும் அதைத் தட்டுக்குத் தட்டு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸின் குரோமோசோம் நேர்க்கோடு, அதன் முனைகள் எளிதில் உதிரும். சில தலைமுறையில் வித்து விடாத, நிறம் வெளுத்த, மருந்து தராத வழுக்கைக் காலனிதான் மிஞ்சும். முதல் தடவை வித்து விட்டதுமே 20 சதவீதக் கிளிசராலில் கலந்து உறையவையுங்கள், குப்பியில் தேதியும் மண் அள்ளிய இடமும் எழுதி ஒட்டுங்கள்.