கீமோ எடுக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்
கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) நடக்கும் நாட்களில் குழந்தைக்கு உடம்பு சுட்டால் "காலையில பார்த்துக்கலாம்" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் கீமோவால் குறைந்திருக்கும் நேரத்தில் சாதாரணத் தொற்றுகூட சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும், வெளியே தெரிவது காய்ச்சல் மட்டுமாகவே இருக்கலாம். பொதுவாகச் சொல்லும் எல்லை 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ். உங்கள் டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. தெர்மாமீட்டரை அக்குளில் வையுங்கள், ஆசனவாயில் வேண்டவே வேண்டாம். கேட்காமல் பாராசிட்டமாலும் கொடுக்காதீர்கள், சூடு இறங்கும், தொற்று அப்படியே இருக்கும். காய்ச்சலே இல்லாமல் நடுக்கமோ அசாதாரண சோர்வோ வந்தாலும் உடனே போன் செய்யுங்கள்.

நடு ராத்திரியானாலும் கிளம்பத்தான் வேண்டும், அதனால் கடைசி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, மாற்றுத்துணி, குழந்தை கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை எல்லாம் ஒரு பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வார்த்தையாகவே "கீமோவில் இருக்கும் குழந்தை, காய்ச்சல்" என்று சொல்லிவிடுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். அப்புறம், ஊசி போடுவாங்களா என்று குழந்தை கேட்டால் "ஆமாம் கண்ணு, கொஞ்சம் வலிக்கும், நான் கையைப் பிடிச்சுக்கறேன்" என்று உண்மையையே சொல்லுங்கள். வலிக்காது என்று ஏமாற்றினால் அடுத்த முறை நீங்கள் என்ன சொன்னாலும் நம்பாது.