எலும்பு, மூட்டு விஷயத்துல நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பண்ற தப்புங்க

எங்க பெரியம்மா பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். அம்பது வயசுலயே குனிஞ்சு கோலம் போட முடியல, பின்னால இருந்து கூப்பிட்டா கழுத்து திரும்பாது, மொத்த உடம்போடதான் திரும்புவாங்க. வாதம்னு சொல்லி தைலம் தேய்ச்சே பல வருஷம் போச்சு. கடைசில எக்ஸ்ரே எடுத்தப்பதான் தெரிஞ்சது, முதுகெலும்பு கெட்டியாகி, எலும்புகள சேத்துப் பிடிக்கிற ஜவ்வுலயே சுண்ணாம்பு ஏறிப்போயிருக்கு. காரணம் அவங்க கல்யாணமாகி வந்ததுல இருந்து குடிச்ச போர் தண்ணி.

நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் பூமிக்கடியில இருக்கிற பாறைல இருந்து ஃப்ளோரைடு தண்ணில கரையுது. ஒரு லிட்டர்ல 1.5 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு கணக்கு. எலும்புங்கறது செத்த கல்லு இல்லைங்க, பழசு கரைஞ்சு புதுசு வந்துட்டே இருக்கும், அப்படி புதுசு கட்டும்போது ஃப்ளோரைடும் உள்ள போய் உக்காந்துக்கும், உடம்புல தங்குற ஃப்ளோரைடுல 99 சதவீதம் எலும்புலயும் பல்லுலயும்தான் இருக்கு. எக்ஸ்ரேல பாத்தா எலும்பு நல்லா கெட்டியா தெரியும், ஆனா சட்டுனு உடையும்.

இதுல பெரிய தப்பு என்னன்னா, தண்ணிய கொதிக்க வச்சுட்டா சரியாப்போச்சுன்னு நெனைக்கிறது. கொதிக்க வச்சா கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது, தண்ணி ஆவியாகி சுண்டச் சுண்ட மிச்சத் தண்ணில அது கூடத்தான் செய்யும். மெழுகுவத்தி மாதிரி கேண்டில் வச்ச ஃபில்டரும், யூவி லைட் ஃபில்டரும் இதுக்கு உதவாது. ஆர்ஓ எடுக்கும், ஆனா உள்ள இருக்கிற மெம்பரேன காலத்துக்கு மாத்தணும்.

அடுத்த தப்பு எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் 2013ல தொடங்குனதே இந்த ஃப்ளோரைடு பிரச்சனைக்காகத்தான். ஆனா நிறைய வீட்ல குளோரின் வாடை அடிக்குது, டேஸ்ட் பிடிக்கலன்னு ஒகேனக்கல் தண்ணிய துணி துவைக்க விட்டுட்டு போர் தண்ணிய குடிக்கிறாங்க. தயவுசெஞ்சு மாத்துங்க. குளோரின் வாடை குடத்துல ராத்திரி தொறந்த மாதிரி மெல்லிசு துணி கட்டி வச்சா காலைல பெருசா இருக்காது. ஃப்ளோரைடுக்கு வாடையும் இல்ல, ருசியும் இல்ல, நிறமும் இல்ல, நாக்க வச்சு கண்டுபிடிக்க முடியாது. குடிநீர் வடிகால் வாரியத்தோட லேப்ல பாட்டில்ல கொண்டுபோய் குடுத்தா டெஸ்ட் பண்ணுவாங்க. வீட்டுப் பிள்ளைங்க பல்லுல வெள்ளைத் திட்டோ பழுப்புக் கறையோ இருந்தா பிரஷ்ஷ மாத்திட்டு இருக்காதீங்க, மொதல்ல தண்ணிய சந்தேகப்படுங்க, ஏன்னா பல்லு உருவாகுற மொத எட்டு வருஷத்துலதான் அந்தக் கறை விழும்.

சாப்பாட்டுல கால்சியம் இருந்தா வயித்துலயே கொஞ்சம் ஃப்ளோரைட பிடிச்சு வச்சுக்கும், அதனால களிய விட்டுட்டு மூணு வேளையும் அரிசிச்சோறுக்கு மாறினதும் ஒரு தப்புதான். 100 கிராம் ராகில 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, அரிசில அதுல பத்துல ஒரு பங்குகூட இல்ல. அந்தக் கால்சியம் உடம்புல ஒட்டணும்னா வைட்டமின் டி வேணும், விடியக்காலைல 6 மணி இளவெயில்ல நின்னா அது கெடைக்கும்னு எல்லாரும் நம்புறாங்க, அந்த நேரத்துல அதுக்குத் தேவையான கதிர் ரொம்ப கம்மி, 10 மணிக்கு மேல கையும் காலும் வெயில் படணும். மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்கு எலும்பு வேகமா கரையும், அவங்க இத கண்டிப்பா கவனிக்கணும்.

முட்டி வலிச்சா நடக்கவே கூடாதுன்னு உக்காந்துடறதும் தப்பு. மூட்டுல இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கெடையாது, நடக்கும்போது அழுந்தி விரியுறதுலதான் மூட்டுத் திரவத்துல இருந்து அதுக்கு சத்து போகுது. வீங்கி சிவந்து காய்ச்சலடிச்சா மட்டும் ஓய்வெடுத்து உடனே டாக்டர பாருங்க, மத்தபடி தொடைத் தசை பலமானா முட்டிக்கு பாரம் குறையும். மெடிக்கல்ல கேட்டு வாங்கி தெனம் வலி மாத்திரை போட்டா கிட்னி கெட்டுப்போகலாம், உள்ள என்ன இருக்குன்னே தெரியாத வலிப் பொடிக்கும் சேத்துதான் சொல்றேன்.

இன்னொன்னு, மாசி பங்குனில புளி உலுக்க மரம் ஏறி விழறாங்க. விழுந்தவர அக்குள்ல கை குடுத்துத் தூக்கி பைக்ல நடுவுல உக்கார வச்சு ரெண்டு பேர் புடிச்சுட்டுப் போறத நானே பாத்திருக்கேன், நெஞ்சு பதறுது. முதுகெலும்பு உடைஞ்சிருந்தா அந்த ஒரு தூக்குலயே தண்டுவடம் நசுங்கி கால் செயலிழந்துடலாம். 108க்கு போன் பண்ணுங்க, அதுவரைக்கும் அசைக்காதீங்க, தலைய மட்டும் ஒருத்தர் ஆடாம புடிச்சுக்கணும், நகத்தியே ஆகணும்னா நாலு பேரா சேந்து தலை, முதுகு, இடுப்பு எல்லாம் ஒரே கோட்டுல இருக்கிற மாதிரி பலகை மேல உருட்டி ஏத்துங்க. கை கால் உடைஞ்சா எண்ணெய் போட்டு உருவ வேணாம். மூங்கில் வச்சு இறுக்கிக் கட்டி விரலு நீலமாவோ மரத்தோ போச்சுன்னா, விடியட்டும்னு காத்திருக்காம அந்தக் கட்ட அப்பவே அவுத்துட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க, ரத்த ஓட்டம் நின்னா சில மணி நேரத்துல தசை செத்துடும்.