ஜனவரியில தொடங்கி பெப்ரவரியில விடுற ஆக்களுக்கு

மூண்டு வருசமா ஜனவரி பிறந்தா ஒரு ஜிம்முக்கு காசு கட்டுவன், முதல் கிழமை ஒழுங்கா போவன், ரெண்டாம் கிழமை ஓபிஸ்ல ஆராவது கொத்து சாப்பிட வாங்கோ எண்டு கூப்பிட அதோட சரி. எனக்கு மனவுறுதி கிடையாது எண்டு என்னை நானே பேசிக்கொண்டு திரிஞ்சன். பிறகுதான் விளங்கிச்சு, பிழை தொடங்கின விதத்தில.

முதல்ல, 21 நாள் செய்தா எதுவும் பழக்கமாயிடும் எண்டு சொல்லுற அந்தக் கதையை விடுங்கோ. 1960ல ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சேர்ஜன், ஒப்பரேசன் செய்த ஆக்கள் தங்கட புது முகத்துக்கு பழக குறைஞ்சது 21 நாள் எடுக்குது எண்டு எழுதினார், பிறகு சொல்லிச் சொல்லி அந்த "குறைஞ்சது" எங்கயோ விழுந்துபோச்சு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலியும் கூட இருந்த ஆக்களும் 96 பேரை வச்சுப் பாத்து 2010ல வெளியிட்ட ஆய்வில, ஒரு பழக்கம் தன்பாட்டில வாற அளவுக்கு ஊற நடுக்கணக்கு 66 நாள். ஆளுக்காள் 18ல இருந்து 254 வரைக்கும் போகுது. தண்ணி குடிக்கிற மாதிரி சின்ன விசயம் கெதியா பிடிபடுது, உடற்பயிற்சிக்கு கூட நாள் எடுக்குது. அப்ப ஜிம்மில தொடங்கின நான் எவ்வளவு மடையன் எண்டு பாருங்கோ.

அதால தேத்தண்ணியில தொடங்குங்கோ. நான் ஒரு நாளைக்கு நாலு கோப்பை, கோப்பைக்கு மூண்டு கரண்டி சீனி. தேக்கரண்டிக்கு 4 கிராம் எண்டு பாத்தாலும் 48 கிராம் வருது, உலக சுகாதார அமைப்பு 25 கிராமுக்கு கீழ நிண்டா நல்லது எண்டு சொல்லுது, நான் மத்தியானம் கடிக்கிற சீனி பணிஸ் இதில சேர்த்தியில்ல. ஒரேயடியா நிப்பாட்டாதேங்கோ, ரெண்டு நாள்ல திரும்ப போடுவீங்கள். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா அரைக் கரண்டி குறையுங்கோ, நாக்குக்கே தெரியாது. இப்ப நான் அரைக் கரண்டியில நிக்கிறன், சொந்தக்காரர் வீட்ட போனா தாற தேத்தண்ணி பாயாசம் மாதிரி இருக்கு, ஆனா வேண்டாம் எண்டு சொன்னா கோவிப்பினம் எண்டு குடிச்சிட்டுத்தான் வாறது.

அடுத்தது நடை. விடிய அஞ்சு மணிக்கு எழும்பி கொழும்பு சுதந்திர சதுக்கத்தில ஓடுற ஆக்கள் இருக்கினம், கும்பிடுறன், எனக்கு ஏலாது. புதுசா ஒரு நேரம் தேடாம, எப்பிடியும் நடக்கிற ஒண்டோட கொழுவி விடுங்கோ. வேலை முடிஞ்சு புறக்கோட்டையில 100ம் நம்பர் பஸ் ஏறினா வெள்ளவத்தை வரைக்கும் வராம பம்பலப்பிட்டியில இறங்கி மரைன் ட்ரைவால நடக்கிறன், கடல் காத்து, ஒரு பக்கம் ரயில், வீட்ட வர ஏறக்குறைய அரை மணித்தியாலம். கிழமைக்கு அஞ்சு நாள் எண்டா 150 நிமிசம், உலக சுகாதார அமைப்பு பெரியாக்களுக்கு கேக்கிற ஆகக் குறைஞ்ச அளவும் அதுதான், கொஞ்சம் வேகமா நடக்கோணும் அவ்வளவுதான். அந்த நேரம் காலி வீதி ட்ராஃபிக்ல பஸ்ஸுக்குள்ள நிண்டுகொண்டு வந்தாலும் பெரிசா முந்தி வீட்ட போய்ச் சேராது.

இனி மழை. கொழும்பில மழையை நம்பி ஒரு பிளானும் போடேலாது, ஒக்டோபர் நவம்பர்ல பின்னேரத்தில இடியோட கொட்டும். அண்டைக்கு யோசிச்சா கட்டாயம் விடுவீங்கள். "மழை பெஞ்சா லிஃப்ட்ல ஏறாம மாடிப்படியால மூண்டு தரம்" எண்டு இப்பவே முடிவெடுத்து வையுங்கோ. இப்பிடி நடந்தா இப்பிடி செய்வன் எண்டு முதலே சொல்லி வைக்கிற ஆக்கள் சொன்னதை கூட செய்யினம் எண்டதை பீட்டர் கோல்விட்சர் எண்ட உளவியல் பேராசிரியர் கன ஆய்வில காட்டியிருக்கிறார்.

படுக்கையில போன் நோண்டுறதை நிப்பாட்ட சுருக்கமா ஒண்டு: சார்ஜரை ஹோல்ல வையுங்கோ, கட்டிலடியில வேண்டாம்.

ஒரு நாள் விட்டுப்போச்சு எண்டா பதறாதேங்கோ, லாலியின்ர ஆய்விலயும் ஒரு நாள் தவறினது பழக்கத்தை பெரிசா குழப்பேல்ல. குசினிக் கலண்டர்ல நடந்த நாளுக்கு நான் ஒரு கோடு போடுறனான். போன நவம்பர்ல காய்ச்சல் வந்து எட்டுக் கட்டம் வெறுமையா கிடக்கு, ஒன்பதாவதுல திரும்ப கோடு இருக்கு, கொஞ்சம் கோணலா.