குற்றக் கதையில் ஒரு தடயத்தை எழுதுவது எப்படி

முன்பு போலீஸ், இப்போது வக்கீல், ராத்திரியில் கதை எழுதுகிறவன் என்பதால், குற்றக் கதை எழுதும் நண்பர்கள் பிரதியை என்னிடம் தள்ளிவிடுவார்கள். பலரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தடயம் கிடைத்ததோடு வேலை முடிந்தது என்று அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். கதையே அங்கேதான் தொடங்குகிறது.

ரத்தம் தோய்ந்த சட்டை ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாயகன் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுகிறான். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஈரத் துணி பிளாஸ்டிக்குள் புழுங்கும், பூஞ்சை பிடிக்கும், டிஎன்ஏ கெடும். காயவைத்துக் காகித உறையில் போட வையுங்கள். உறையை ஒட்டி, ஒட்டின இடத்தின் மேலேயே கையெழுத்து, தேதி. அப்புறம் அது யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்குப் போனது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். இந்தத் தாள் உங்களுக்காக, கதையில் வர வேண்டாம். எழுதி முடித்ததும் நடுவில் ஒரு வரியை அடித்துவிடுங்கள். நீதிமன்றக் காட்சி தயார்.

"சட்டையை எடுத்தது மாலை 6 மணிக்கு?"

"ஆமாம்."

"ஆய்வகத்தில் கொடுத்தது மறுநாள் காலை 11 மணிக்கு?"

"ஆமாம்."

"இரவு அது எங்கே இருந்தது என்று பதிவேட்டில் காட்டுங்கள்."

குறுக்கு விசாரணை இப்படித்தான் போக வேண்டும். ஒரு கேள்விக்கு ஒரே விஷயம், பதில் ஏற்கெனவே வக்கீலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "ஏன்" என்று மட்டும் கேட்க வைக்காதீர்கள். சாட்சி விளக்கம் சொல்லியே தப்பித்துவிடுவார். கூண்டில் ஏறிய கொலையாளி அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளும் காட்சியா? தயவுசெய்து வேண்டாம்.

இறந்த நேரத்தையும் நிமிடக் கணக்கில் சொல்லாதீர்கள். உடல் விறைப்பு பொதுவாக 2 முதல் 4 மணி நேரத்தில் தொடங்கி, 12 மணி நேரவாக்கில் முழுமையாகும். வெயிலில் சீக்கிரம், குளிரில் தாமதம். அதனால் டாக்டர் "இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள்" என்றுதான் சொல்வார். அந்த இடைவெளி உங்களுக்கு லாபம்தான், சந்தேகப்பட இன்னும் இரண்டு பேரை உள்ளே விடலாம்.

நடைக்கு ஒரு பயிற்சி. "அவன் குடித்திருந்தான்" என்று அறிக்கை எழுதினால் எதிர்த்தரப்பு கிழித்துவிடும். சாராய வாடை வந்தது, சுவரைப் பிடித்து நடந்தான், கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொன்னான் என்றெழுதினால் நிற்கும். கதைக்கும் அதே. "பயந்தான்" என்று வரும் இடங்களை எல்லாம் தேடிப்பிடித்து, கண்ணில் பட்டதை எழுதுங்கள்.

உண்மை வழக்கிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சம்பந்தப்பட்டவர் படித்து "இது நான்தான்" என்பாரா என்று யோசியுங்கள். என் கட்சிக்காரர்கள் சொன்னதை நான் தொடுவதே இல்லை. வழக்கு முடிந்தாலும் அது ரகசியம்தான்.