ராணுவ இயர்பிளக்கால் காது போனால் இழப்பீடு கேட்பது எப்படி?

அமெரிக்கப் படைவீரர்கள் 2003 முதல் 2015 வரை பயன்படுத்திய ‘காம்பாட் ஆர்ம்ஸ்’ இயர்பிளக்குக்கு (சத்தத்தைத் தடுக்கக் காதில் செருகும் அடைப்பான்) இரண்டு முனை. பச்சை முனை எல்லாச் சத்தத்தையும் குறைக்கும். மஞ்சள் முனை வெடிச்சத்தத்தை அடக்கி, பேச்சைக் கேட்க விடும். தண்டு குட்டை என்பதால் போட்டிருப்பவருக்கே தெரியாமல் அது தளர்ந்துவிடுகிறது என்பதுதான் குற்றச்சாட்டு. தயாரித்தது ஏரோ நிறுவனம்; 2008-ல் அதை 3எம் வாங்கியது. வழக்குப் போட்ட வீரர்களுடன் சமரசமாக 601 கோடி டாலர் தர 2023 ஆகஸ்டில் 3எம் ஒப்புக்கொண்டது. அதில் சேரும் கெடு முடிந்துவிட்டது. ஆனால் வேறொரு பழுதான கருவிக்கும் வழி ஏறக்குறைய இதேதான்.

படி 1: யார் மேல் வழக்கு?
அரசின் மேல் முடியாது. பணியில் ஏற்பட்ட காயத்துக்கு அரசிடம் நஷ்டஈடு கேட்க முடியாது என்று 1950-ல் ஃபெரெஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தயாரிப்பாளர் மேல் போடலாம். “அரசு கேட்டபடி செய்தோம்” என்று அவர்கள் தப்பிக்கப் பார்ப்பார்கள். 3எம்மும் அதைத்தான் சொன்னது. ஃபுளோரிடாவின் பென்சகோலா நீதிமன்றத்தில் நீதிபதி கேசி ரோஜர்ஸ் 2020-ல் அதை ஏற்கவில்லை.

படி 2: வி.ஏ. மனு
முன்னாள் படைவீரர் நலத்துறையில் (வி.ஏ.) ஊனத்தொகை கேட்பது தனி விஷயம். அங்கே யார் தவறு என்று நிரூபிக்க வேண்டாம். பணியால் வந்த பாதிப்பு என்று காட்டினால் போதும். ஓய்வுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் மனு போடலாம். வழக்கு முடியட்டும் என்று இதைத் தள்ளிப்போடுவது வீண்.

படி 3: காகிதங்கள்
வழக்கின் உயிர் இங்கேதான். டிடி-214 பணி விடுவிப்புச் சான்று கட்டாயம். அதைவிட முக்கியம், பணியில் சேர்ந்தபோது எடுத்த காது பரிசோதனை வரைபடமும் பின்னால் எடுத்தவையும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் எப்போது கேள்திறன் குறைந்தது என்று தெரியும். காதிரைச்சலுக்கு இயந்திரச் சான்று கிடையாது. அதனால் மருத்துவரிடம் என்றைக்குச் சொன்னீர்கள் என்ற பதிவுதான் பேசும்.

அப்புறம், அந்த இயர்பிளக்கைத்தான் போட்டிருந்தீர்கள் என்று காட்ட வேண்டும். பழைய புகைப்படம், வழங்கல் பதிவு, கூட இருந்தவரின் வாக்குமூலம் எதுவானாலும் சரி. எதிர்த்தரப்பு முதலில் கை வைப்பது இங்கேதான். வேட்டையாடும் பழக்கம், பாட்டுக் கச்சேரி என்று வேறு காரணமும் தோண்டுவார்கள்.

படி 4: காலவரம்பும் வக்கீலும்
காலவரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் இரண்டே வருடம். ஜெயித்தால் மட்டும் கட்டணம் வாங்கும் வக்கீல்கள்தான் இதில் அதிகம். சதவீதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

படி 5: காத்திருப்பு
ஆயிரக்கணக்கான வழக்குகளை ஒரே நீதிபதியிடம் சேர்த்து, சிலவற்றை மட்டும் மாதிரியாக விசாரிப்பார்கள். இயர்பிளக் வழக்கில் அப்படி நடந்த 16 விசாரணைகளில் பத்தில் வீரர்கள் தரப்பு ஜெயித்தது, ஆறில் 3எம். சமரசத் தொகை வந்தால் கையெழுத்துக்கு முன் படியுங்கள்: அதே காயத்துக்கு மறுபடி வழக்குப் போடும் உரிமை அத்தோடு போய்விடும். வி.ஏ. ஊனத்தொகை வருமானத்தைப் பார்த்துத் தரப்படுவதல்ல, அதனால் இந்தப் பணம் அதைக் குறைக்காது. வருமானம் பார்க்கும் வி.ஏ. பென்ஷன் வாங்குபவர் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.