உப்புக்காற்றுக்கு வாடாத வேலிச் செடி

கடலோரத்தில் வீடா? வைக்கிற செடியெல்லாம் உப்புக்காற்றில் கருகுகிறதா? சங்கங்குப்பியை வைத்துப் பாருங்கள். கழிமுகக் கரை, அலையாத்திக் காட்டின் ஓரம், கடற்கரை மணல்மேடு இவைதான் அதன் சொந்த இடம். இந்தியா, இலங்கை தொடங்கி வட ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை பரவியிருக்கிறது. காய் தண்ணீரில் மிதப்பதால் கடலே அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது!

விதைக்கு அலைய வேண்டாம். பென்சில் தடிமனில் முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, பாதி மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். வேர் பிடிக்கும்வரை ஈரம் காயக்கூடாது. அப்புறம் அதிகக் கவனிப்பு தேவையில்லை. மணல் நிலமே போதும், ஆனால் நல்ல வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் கொடி போல நீண்டு, அடியில் இலையில்லாமல் நிற்கும்.

இலை கசப்பு என்பதால் ஆடுமாடு அவ்வளவாகத் தொடாது. பூ மூன்று மூன்றாக வரும்: வெள்ளைக் குழல், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஊதாச் சிவப்பு மகரந்த இழைகள். வேலியை மட்டமாக வெட்டிக்கொண்டே இருந்தால் இந்த அழகைப் பார்க்க முடியாது. ஒரு பக்கத்தையாவது கத்தரிக்காமல் விடுங்கள்.